பந்து தெரியாத ஆட்டம்

விடாமல் மழை பெய்கிற நாளில் பழைய பேய்வீட்டுப் படம் ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்காருவது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம்தான். ஆனால் ராபர்ட் வைஸ் இயக்கி 1963இல் வெளிவந்த 'தி ஹான்டிங்' படத்துக்கு மழை உதவாத துணை. 112 நிமிடப் படத்தில் பேய் ஒருமுறைகூடக் கண்ணில் படுவதில்லை. காதுக்கு மட்டும்தான் வருகிறது, அதுவும் முதலில் எங்கோ தூரத்தில். கூரையில் மழை தடதடத்தால் அந்த முதல் தட்டு நமக்கு எட்டாமலே போகும். கண்ணுக்குத் தெரியாத எதிராளியின் பலத்தை எப்படி அளப்பது? கிரிக்கெட்டில் வேகப்பந்தின் வேகத்தை நாம் உணர்வது திரையில் வரும் எண்ணால் அல்ல. மட்டையாளரின் கால் எவ்வளவு தாமதமாக நகர்கிறது, மட்டை எவ்வளவு பதறி இறங்குகிறது என்பதால்தான். இங்கே அந்த மட்டையாளர், எலினராக வரும் ஜூலி ஹாரிஸ். ஹில் ஹவுஸ் என்ற அந்த வீட்டின் வலிமை முழுவதும் அவர் உடம்பில்தான் பதிவாகிறது என்பது என் கட்சி.

முதல் இரவுக் காட்சியைப் பாருங்கள். சுவரில் இடி இடியென்று தட்டும் சத்தம். தூக்கம் கலையாத எலினர் பயப்படுவதில்லை. "இதோ வருகிறேன் அம்மா" என்கிற தோரணையில் பதில் கொடுக்கிறாள். படுத்த படுக்கையாகக் கிடந்த தாய்க்குப் பல வருடம் பணிவிடை செய்தவள் அவள். தாய் சுவரைத் தட்டித்தான் கூப்பிடுவாள். பேயின் முதல் பந்துக்கு ஹாரிஸ் காட்டுவது பழகிப்போன சலிப்பு. தாய் செத்துவிட்டாள் என்பது நினைவுக்கு வந்த பிறகுதான் பயம் வருகிறது. அந்த இரண்டு நொடித் தாமதத்தில் ஒரு பெண்ணின் வீணாய்ப்போன இளமை முழுக்கத் தெரிகிறது. பின்னொரு இரவில், இருட்டில் தோழி தியோவின் கையைப் பற்றியபடி படுத்திருக்கிறாள். பிடி இறுகி வலிக்கிறது. கடைசியில் அலறி எழுந்தால், தியோ அறையின் மறுபக்கம் இருக்கிறாள். பிறகு தன் கையையே அந்நியமான பொருளைப் போல ஹாரிஸ் பார்க்கும் பார்வைக்கு எந்தத் தந்திரக் காட்சியும் ஈடில்லை.

பெருமை ஒளிப்பதிவுக்கும் ஒலிக்கும்தானே போகவேண்டும் என்று கேட்கலாம். பாதி நியாயம். டேவிஸ் போல்டனின் கருப்பு வெள்ளைப் படப்பிடிப்பு அசாத்தியமானது. முழுமை பெறாத, பிம்பத்தை வளைக்கும் 30 மி.மீ. பானாவிஷன் லென்ஸை, குறைகள் தெரிந்தேதான் வாங்குகிறேன் என்று கையெழுத்திட்டு வைஸ் பெற்றார். ஒலிகளை முன்கூட்டியே பதிவுசெய்து படப்பிடிப்புத் தளத்திலேயே ஒலிக்கவிட்டார். ஆனால் முதல் இரவின் அதே ஒலி, ஹாரிஸோடு அதே கட்டிலில் இருந்த கிளேர் ப்ளூமின் காதிலும்தானே விழுந்தது? ப்ளூமின் தியோ குளிரில் நடுங்கி, பயந்து, சத்தம் அடங்கியதும் தெளிந்துவிடுகிறாள். ஹாரிஸின் முகத்திலோ பயத்துக்கு அடியில், யாரோ தன்னைத் தேடி வந்துவிட்டார்கள் என்கிற ரகசிய மகிழ்ச்சி கசிகிறது. ஆடுகளம் ஒன்று, பந்து ஒன்று, ஆட்டம் வேறு. (ப்ளூமைக் குறைத்துச் சொல்லவில்லை. மறுமுனையில் அவர் நிதானமாக நிற்பதால்தான் எலினரின் தடுமாற்றம் துலங்குகிறது.)

படத்தின் ஒரு குறையை மறுக்க முடியாது. எலினரின் மனக்குரல் அளவுக்கு மீறிப் பேசுகிறது. வீட்டை நோக்கிக் கார் ஓட்டிவரும் பகுதியில் முகமே சொல்லிவிட்டதைக் குரல் மறுபடி சொல்கிறது. அங்கே வைஸ் தன் நடிகையை நம்பவில்லை.

எலினர் எரிச்சலூட்டுகிறாள் என்பது மற்றொரு புகார். எரிச்சலூட்டத்தான் வேண்டும், எல்லோரும் அணைத்துக்கொள்ளும் பெண்ணாக இருந்தால் ஒரு வீட்டின் அழைப்புக்கு அவள் ஏன் மயங்கப் போகிறாள்? 1999இல் யான் டி போன்ட் எடுத்த மறு ஆக்கத்தில் லிலி டெய்லர் அதே பாத்திரத்தை ஏற்றார், திறமைசாலிதான். ஆனால் அங்கே கணினி வரைகலையில் பேய் நேரில் வந்து நிற்கிறது. அண்ணாந்து பார்ப்பதைத் தவிர அவருக்கு வேலை இல்லை. வேகத்தைக் காட்டுகிறேன் என்று பந்தைப் பூசணிக்காய் அளவுக்குப் பெரிதாக்கிவிட்டார்கள்.