மிச்சமான நேரம் யார் கைக்குப் போகிறது?

கருவி வேகமானால் மனிதனுக்கு ஓய்வு கூடும் என்று இன்று கிட்டத்தட்ட எல்லோரும் நம்புகிறோம். பொருளியல் அறிஞர் கெயின்ஸ் 1930இல் இதற்குக் கணக்கே போட்டார்: நூறாண்டு கழித்து வாரத்துக்கு 15 மணி நேர வேலை போதும் என்றார். செல்வம் பெருகும் என்ற பாதிக் கணக்கு பணக்கார நாடுகளில் ஏறக்குறைய பலித்துவிட்டது. ஓய்வைப் பற்றிய பாதி பலிக்கவில்லை. ஏன் என்பதைக் காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கையில், ஒரு பட்டுத் தறியின் முன் உட்கார்ந்து யோசிக்கலாம்.

உடலையும் கரையையும் தனித்தனி நூலால் கோத்து நெய்யும் கோர்வைச் சேலையில், ஊடை நூலை ஓட்டும் நாடா உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கு இரண்டு. மூன்றையும் ஓட்ட நெய்பவருக்குப் பக்கத்தில் இன்னோர் ஆள் வேண்டும். கரையின் வேலைப்பாட்டுக்கு முன்பெல்லாம், பாவின் (நீள நூலின்) இழைகளைத் தூக்கும் அடை நூலை ஒருவர் இழுத்துக்கொடுத்தார். அந்த வேலையில் சிறுவர்களும் உட்கார்ந்தார்கள். தறியின் மேல் ஏற்றிய ஜக்கார்டு பெட்டியின் துளை அட்டைகள் அந்த வேலையை ஏற்றுக்கொண்டன. ஒரு பிள்ளையின் பகல்பொழுதை விடுவிக்கக்கூடிய கருவியை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் நெய்பவரின் நாள் நீளம் குறைந்ததா? கூலி நாளுக்கு அல்ல, சேலைக்கு. வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு சேலைக்குப் பத்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும். மிச்சமாகும் நாளில் அடுத்த பாவு தறி ஏறுகிறது. இழுக்க ஆள் தேவையில்லை என்றானதும் வேலைப்பாடும் அடர்த்தியாகிறது. வீட்டுப் பெண்கள் நாடாவுக்குத் தார் (நூல் குழல்) சுற்றுவதும் பாவு பிணைக்கத் துணை நிற்பதும் பெரும்பாலும் அந்த ஒரே கூலிக்குள் அடங்கிவிடுகின்றன. அவர்கள் நேரம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை; வேகம் ஓய்வு தரும் என்ற நம்பிக்கையின் மேல் எனக்குள்ள பெரிய கோபம் இதுதான்.

ஜக்கார்டு பிறந்த பிரான்சின் லியோன் நகரிலும் இதே கதைதான். அங்கே பட்டு நெசவாளர்கள் 1831இல் கிளர்ந்தெழுந்தது, வணிகர்கள் குறைந்தபட்சக் கூலி விகிதத்தை மதிக்க மறுத்ததால். தறி வேகமாகியிருந்தது; ஆனால் அந்த வேகத்தின் பலனைப் பங்கிடும் பேச்சில் அவர்கள் சொல் எடுபடவில்லை.

இதைக் கேட்டதும் சிலர் எதிர்ப்பக்கம் சாய்கிறார்கள்: நிதானமே நல்வாழ்வு, கைவேலையே தவம் என்கிறார்கள். அதற்குச் சான்றாக ஓரிக்கையிலேயே பாலாற்றங்கரையில் கருங்கல்லால் எழுந்த, காஞ்சி மடத்துத் துறவி மகாசுவாமியின் மணிமண்டபத்தைக் காட்டலாம். பல ஆண்டு உளி வேலைக்குப் பிறகு 2011இல் அதற்குக் குடமுழுக்கு நடந்தது. பார்த்து வியக்க வேண்டிய கல்வேலைதான். ஆனால் அந்த நிதானத்தின் செலவைப் பக்தர்களின் காணிக்கை தாங்கியது. சேலையின் நிதானத்தைத் தாங்குவது நெய்பவரின் முதுகு. இரண்டையும் ஒரே தராசில் வைத்து 'பொறுமையின் அழகு' என்று புகழ்வது நியாயமில்லை. சட்டமும் அந்த முதுகுக்குத் துணை வரவில்லை: 1985இன் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சில துணி வகைகளை விசைத்தறியிடமிருந்து காக்க வந்தது. நெய்பவரின் மாலைப்பொழுதைக் காப்பது அதன் வேலையாக இருக்கவில்லை.

ஆகவே வேகம் ஓய்வு தரும் என்பதையும், நிதானம் நிறைவு தரும் என்பதையும் நான் ஏற்கவில்லை. இரண்டுமே நேரத்தைக் கருவியின் குணமாகப் பார்க்கின்றன. அதைத் தீர்மானிப்பது கூலி ஒப்பந்தம். ஜக்கார்டு பெட்டியால் மிச்சமாகும் நாளுக்கும் கூலி குறையாமல், தார் சுற்றும் கைக்குத் தனிக்கூலி எழுதப்படும் தறியில் மட்டும் கெயின்ஸின் மறுபாதி பலிக்கும்.