மூடுபனிக்கு எந்தப் பற்றரி?

"பழசக் கழட்ட வேணாம் அண்ணே. பக்கத்துலயே இன்னொண்ணு வச்சு வயர் இழுத்து விட்டா டபுளாயிரும்." ஹட்டனில் வான்களுக்கு வயரிங் செய்யும் பாஸ் ஒருவர் சொன்ன யோசனை இது. செலவு குறைவு, பலரும் செய்வது. ஆனால் சில வருடம் உழைத்துக் களைத்த ஈய அமிலப் பற்றரியோடு புதியதை இணையாகப் பூட்டினால் சுமையில் பெரும்பங்கு புதியதன் தலையில்தான் விழும். இரவில் சும்மா நிற்கும்போதும் பழையது அதிலிருந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நாளில் இரண்டும் ஒரே வயதாகிவிடும். ஈயத்தோடு லித்தியத்தைச் சேர்ப்பது அதைவிட மோசம். இரண்டும் சார்ஜாகும் வோல்ட் அளவே வேறு. ஆகவே பழையதை முழுதாகக் கழற்றிவிட்டு, 100 ஆம்பியர் மணி லித்தியம் இரும்பு பொஸ்பேட் பற்றரி ஒன்றை வைத்தேன். மஸ்கெலியா மழையிலும் நுவரெலியா பனியிலும் அதை ஓட்டிப் பார்த்த பிறகு எழுதுகிறேன்.

வண்டி ஒரு பழைய டொயோட்டா டொல்பின் வான். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் கையில் இருந்த வானைப் பழுதுபார்த்து, பின்னிருக்கைகளை எடுத்து, படுக்கை போட்டுக்கொண்டவர்களில் நானும் ஒருவன். மேல்நாடுகளில் இதற்கென்றே காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் கரவன்கள் உண்டு. கினிகத்தேனை ஏற்றத்தின் வளைவில் அப்படியொரு பெட்டியை இழுத்துக்கொண்டு, எதிரே ஹோர்ன் அடித்தபடி இறங்கும் தனியார் பஸ்ஸுக்கு வழிவிடுவதை யோசித்துப் பார்த்தால் வானே போதும்.

கூரையில் 100 வாட் சோலர் பெனல் இரண்டு. உள்ளே எல்.ஈ.டி. விளக்குகள், 12 வோல்ட் சின்னக் குளிர்சாதனப் பெட்டி, மடிக்கணினி, போன்கள், எப்போதாவது இன்வேர்ட்டரில் ரைஸ் குக்கர். கொழும்பில் என்றால் மின்விசிறிதான் பற்றரியைத் தின்னும். இங்கே அந்தத் தொல்லை இல்லை, குளிர்சாதனப் பெட்டியும் பாதி நேரம் தூங்குகிறது. ரைஸ் குக்கர்தான் இங்கே கூடுதலாக இழுக்கும். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகைக்குக் கிட்டத்திலேயே கொதித்துவிடுவதால் சோறு வேக நேரம் பிடிக்கிறது. தேநீருக்குக் காஸ் அடுப்புத்தான். 1,500 வாட் கேத்தலை 12 வோல்ட் பற்றரியில் போடுவது வீண் ஆசை.

லித்தியம் வாங்கச் சொல்லும் விளம்பரங்கள் எல்லாம் எடையையும் கொள்ளளவையும்தான் பேசும். பொய்யில்லை. 100 ஆம்பியர் மணி ஈயப் பற்றரி 30 கிலோவுக்கு அருகில் இருக்கும், அதில் பாதியைத்தான் நம்பி எடுக்கலாம், ஏறக்குறைய 600 வாட் மணி. லித்தியம் 12 கிலோ அளவு. 1,280 வாட் மணியில் 1,000க்கு மேல் தாராளமாக எடுக்கலாம். ஆனால் மலையகத்தில் வாழ்பவர் இதற்கு இரண்டு மூன்று மடங்கு காசு கொடுப்பதற்கான காரணம் அதுவல்ல. காரணம் மூடுபனி.

ஈய அமிலப் பற்றரி 80 சதவீதம் வரை வேகமாக ஏறும். கடைசி 20 சதவீதத்துக்கு நான்கைந்து மணி நேரம் மெதுவாக ஊட்ட வேண்டும். ஹட்டன் பக்கம் பல நாட்களில் காலை பத்து மணி வரை நல்ல வெயில் இருக்கும், மத்தியானம் தாண்டினால் மூட்டம் இறங்கிவிடும். அந்தக் கடைசி 20 சதவீதம் ஏற வேண்டிய நேரம் சரியாக அதுதான். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், மே முதல் செப்டெம்பர் வரை, அந்தக் காலை வெயிலும் கிடையாது. முழுதாக நிறையாமலே நாள்கணக்கில் கிடக்கும் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகும். இறுகியது திரும்பக் கரையாது. இந்தப் பக்கத்து சோலர் பற்றரிகள் சீக்கிரம் செத்துப்போவதற்குக் குளிரைத்தான் குற்றம் சொல்கிறார்கள். கொல்வது பெரும்பாலும் அரைப் பட்டினி. லித்தியத்துக்கோ அரை வயிற்றில் கிடப்பது ஒரு குறையே இல்லை. நிரம்பி வழிந்தபடி கிடப்பதைவிட அதுதான் அதற்குப் பிடிக்கும். பகலில் கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தையும் பெரிதாக வீணாக்காமல் ஏற்றிக்கொள்கிறது.

மாற்றும் வேலை பற்றரியோடு முடிவதில்லை. என்னிடம் இருந்த சோலர் சார்ஜ் கட்டுப்படுத்தி விக்ட்ரான் 75/15. போன் செயலியில் லித்தியம் என்று தெரிவு செய்தால் போதும், அளவுகளைத் தானே மாற்றிக்கொள்ளும். கையால் மாற்ற வேண்டிய மலிவான கருவி வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ஈயத்துக்கான வெப்ப ஈடு என்றொரு அமைப்பு உண்டு. குளிர் கூடக் கூட சார்ஜ் வோல்ட்டை ஏற்றிக்கொண்டே போகும். கொழும்பில் அது ஏதும் செய்யாது. நுவரெலியாவின் 10 பாகை இரவு கழிந்த காலையில் கால் வோல்ட்டுக்கு மேலும் ஏற்றிவிடும். லித்தியத்தின் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று, பி.எம்.எஸ்., அதைப் பார்த்துக் கதவை அடைத்துவிடும். பற்றரி பழுது என்று கடைக்கு நடக்க வேண்டியதுதான்.

இரண்டு பெனல்களையும் இணையாக இருந்ததிலிருந்து தொடராக மாற்றினேன். இந்தக் கட்டுப்படுத்தி விழிப்பதற்கு பெனல் வோல்ட் பற்றரியைவிட 5 வோல்ட் அதிகமாக இருக்க வேண்டும். தொடரில் அது மங்கிய விடியலிலேயே கிடைத்துவிடுகிறது. தொடர் இணைப்பில் ஒரு பெனலில் மரநிழல் விழுந்தால் மற்றதும் சேர்ந்து படுக்கும் என்பார்கள். ஓரளவு உண்மைதான், ஆனால் மூட்டத்துக்குள் நிழலே இல்லை. ஒன்று கவனிக்க வேண்டும்: குளிரில் பெனல் வோல்ட் கூடும். எனக்கு 44 வோல்ட் 48 வரை போகலாம், கட்டுப்படுத்தியின் 75 வோல்ட் எல்லைக்குள் இருப்பதால் பயமில்லை.

குளிரைப் பற்றி உறவுகள் கனடாவிலிருந்து பயமுறுத்தினார்கள். பூச்சியத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் உலோகமாகப் படிந்து செல்லைக் கெடுக்கும். அங்கே அது உண்மையான ஆபத்து. இங்கே ஜனவரி, பெப்ரவரி விடியலில் அம்பேவெலப் புல்லில் உறைபனி விழுந்தாலும், வானுக்குள் இருக்கைக்கு அடியில் இருக்கும் பற்றரி பூச்சியத்தைத் தொடுவதில்லை. உள்ளே சூடேற்றி வைத்த பற்றரிக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. குளிர்ப் பாதுகாப்பு பி.எம்.எஸ்.ஸில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள்.

என்னை அதிகம் வியக்க வைத்தது பெனல் அல்ல, எஞ்சின். லித்தியத்தை நேரடியாக ஓல்டர்னேட்டரில் பூட்டினால் கட்டுப்பாடின்றி இழுத்து அதைச் சூடாக்கிவிடும். நடுவில் 20 ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜர் ஒன்று அவசியம். ஹட்டனிலிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்கு ஒன்றரை மணி நேரம் ஏறினால் 30 ஆம்பியர் மணி, அதாவது 400 வாட் மணி உள்ளே போகிறது. அடர்ந்த மூட்ட நாளில் 200 வாட் பெனல்கள் விடிந்ததிலிருந்து இருட்டும் வரை தருவது அதில் பாதிக்கும் குறைவு. ஓடும் வண்டிக்கு சோலர் என்பது, மஸ்கெலியா மழையில், ஒரு துணை ஏற்பாடுதான்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைச்சரிவுகளை இறக்கிக் கம்பங்களைச் சாய்த்தபோது வான் எங்கும் ஓடவில்லை, வெயிலும் இல்லை. முழுதாக நிறைந்திருந்த பற்றரி மட்டும்தான். 1950 முதல் நாட்டுக்கு வெளிச்சம் தரும் லக்ஷபான நீர்மின் நிலையம் இந்த மலைகளில்தான் இருக்கிறது. கம்பி அறுந்தால் பக்கத்து லயத்துக்கும் இருட்டுத்தான். "அண்ணே, இதையும் கொஞ்சம் சொருகி விடுங்க" என்று வந்தவர்களுக்கெல்லாம் இடம் இருந்தது. ஒரு போனுக்கு இழப்பும் சேர்த்து 20 வாட் மணி என்று வைத்தால் ஒரு முழு பற்றரி 50 போன்களுக்குப் போதும். இன்வேர்ட்டரைப் போடாமல் 12 வோல்ட்டிலிருந்து நேரே யூ.எஸ்.பி. எடுத்தால் இன்னும் சில கூடும்.

குறைகளும் உண்டு. பற்றரியோடு வந்த செயலி காட்டும் சதவீதத்தை நான் நம்புவதில்லை. லித்தியத்தின் வோல்ட் 80இலும் 13.3 பக்கம், 40இலும் கிட்டத்தட்ட அதே. வோல்ட் பார்த்து மீதியைச் சொல்ல முடியாது. உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணும் ஷண்ட் மீற்றர் தனியாகப் பூட்டினால்தான் கணக்குத் தெரியும், அதுவும் இடைக்கிடை ஒருமுறை முழுதாக நிரப்பினால்தான் சரியாக நிற்கும். இந்த ஈரத்தில் செம்பு முனைகள் பச்சை பிடிப்பதும் நிற்கவில்லை. வாஸ்லின் பூசி வைக்கிறேன். இன்வேர்ட்டருக்குத் தடித்த 35 சதுர மில்லிமீற்றர் வயரும், பற்றரி முனைக்குப் பக்கத்திலேயே பியூஸும் போட மறுக்கும் பாஸிடம் வேலை கொடுக்காதீர்கள். குளிருக்குக் கண்ணாடிகளை அடைத்துவிட்டுத் தூங்கும் பெட்டிக்குள், தலைமாட்டில் ஹைட்ரஜன் விடும் திறந்த ஈயப் பற்றரி இல்லை என்பது மட்டும் பெரிய நிம்மதி.

வாரக்கடைசியில் மட்டும் எடுத்து, வீட்டில் செருகி நிரப்பி வைக்கும் வானுக்கு நல்ல ஈயப் பற்றரியே போதும். பருவகாலத்தில் நல்லதண்ணியில் இரவெல்லாம் சிவனொளிபாதமலை யாத்திரிகர்களுக்காகக் காத்து நிற்கும் சாரதிகளுக்கும், மழைக்காலம் முழுக்க வெளியில் இருப்பவர்களுக்கும் லித்தியம் தகும். பாஸ் இப்போது இரண்டாவது லித்தியத்தைப் போடச் சொல்கிறார். நிரப்ப வெளிச்சம் இல்லாத ஊரில் பாத்திரத்தைப் பெரிதாக்கி என்ன செய்ய? கூரையில் இன்னொரு பெனலுக்கு இடம் இருக்கிறது. அடுத்த காசு அதற்குத்தான்.