பாயிரமும் முன்னோட்டமும்

நூலுக்குப் பாயிரம் இன்றியமையாதது என்பது நன்னூலார் கொள்கை. தன்னைத் தானே புகழ்தல் தகாதாகலின், சிறப்புப் பாயிரம் பிறராலேயே உரைக்கப்படல் வேண்டும் என்பதும் அவர் காட்டிய நெறி. திரைப்படத்தின் முன்னோட்டமும் ஒருவகைப் பாயிரமே. அதனைப் பெரும்பாலும் இயக்குநர் ஆக்குவதில்லை. அத்தொழில் பயின்ற வேறொருவரே காட்சிகளை வெட்டி ஒட்டித் தருகிறார். ஆயின், பாயிரம் உரைப்போன் நூலின் பொருட்டு உரைக்கிறான். முன்னோட்டம் செய்வோனோ நுழைவுச்சீட்டு விற்கும் பொருட்டு அமர்த்தப்பட்டவன். கூலிக்குச் செய்யும் புகழ்ச்சி கலையாகுமா?

இவ்வினாவிற்கு விடை காணப் பாப்லோ பெர்ரோவின் பணி துணைபுரியும். 1935இல் கியூபாவில் பிறந்து, சிறுவயதிலேயே நியூயார்க் நகர் சேர்ந்து, தொலைக்காட்சி விளம்பரத் துறையில் பெயர் பெற்றவர் அவர். ஸ்டான்லி கூப்ரிக் தம்முடைய ‘டாக்டர் ஸ்டிரேஞ்ச்லவ்’ (1964) படத்தின் முன்னோட்டத்தை அவரிடம் ஒப்படைத்தார். அணுகுண்டால் உலகம் அழிவதை எள்ளல் நகையோடு காட்டும் படம் அது.

அக்கால முன்னோட்டங்கள் பல, கதையைச் சுருக்கிக் கூறிப் பெரிய அடைமொழிகளைத் திரையெங்கும் பரப்பின. பெர்ரோ அவ்வழிச் செல்லவில்லை. ஒரு சொல், ஒரு காட்சி. மீண்டும் ஒரு சொல், ஒரு காட்சி என இமைப்பொழுதில் மாறும் துணுக்குகளை அடுக்கினார். காண்போன் கதையை முற்றும் அறிந்திலன். ஆயினும் நகையும் அச்சமும் ஒருங்கே கலந்த அதன் மெய்ப்பாட்டை உணர்ந்துவிடுகிறான்.

இதற்கு ஒரு தடை எழலாம். அப்படத்தின் பெரும்பகுதி உரையாடலே. முன்னோட்டத்தின் வேகம் அதில் இல்லை. இல்லாததைக் காட்டுவது பொய்யன்றோ எனின், ஓரளவு உண்மையே. ஆனால் வேகம் அங்கே கருவி மட்டுமே, வாக்களிக்கப்பட்டது மெய்ப்பாடு. அதனைப் படம் குறைவின்றித் தருகிறது.

கூப்ரிக்கின் ‘எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்’ (1971) படத்திற்கு அவர் செய்த முன்னோட்டத்தில் அடைமொழிகள் உண்டு. ஆயினும் ஒன்றோடொன்று முரணும் அச்சொற்கள் விரைந்து மறைவதால், புகழ்ச்சியாக நில்லாமல் தாளமாகிவிடுகின்றன. விளம்பரச் சொல்லின் வெறுமையை விளம்பரமே நகையாடுகிறது.

பின்வந்தோர் பலர் வேகத்தை மட்டும் கைக்கொண்டு அதன் காரணத்தைக் கைவிட்டனர். அமைதியான குடும்பக் கதைக்கும் வெடியோசை முழங்கும் முன்னோட்டம் அமைப்பது, வெண்பாவிற்குரிய பொருளைச் சிந்தில் பாடுவது போன்றது.

‘டாக்டர் ஸ்டிரேஞ்ச்லவ்’ படத்தின் பெயரெழுத்துகளையும் பெர்ரோவே கையால் எழுதினார். அவை திரையை நிறைக்கும் அளவு உயர்ந்தவை. பின்னே பறக்கும் வானூர்திகளை மறைக்காத அளவு மெல்லியவை. 2018இல் மறைந்த அக்கலைஞரின் கொள்கை முழுதும் அவ்வெழுத்துகளிலேயே அடங்கும். கூலி பெற்றுச் செய்தது என்பதால் ஒரு பணி இழிந்துவிடாது. தான் அறிமுகப்படுத்தும் பொருளை மறைக்கும்போதே இழிகிறது. அணிந்துரை எழுதுவோர்க்கும் இது பொருந்தும்.