உறுமலும் ஊழியமும்

சூளகிரியைத் தாண்டி ஓசூர், அத்திப்பள்ளி வழியாக ஓடும் நெடுஞ்சாலை 44 கொண்டுபோய் விடும் பெங்களூரு, இந்தியாவில் மெட்டல் இசைக்குப் பேர்போன ஊர். அரண்மனை மைதானத்தில் 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டனும், 2011 அக்டோபரில் மெட்டாலிகாவும் வாசித்தார்கள். சூளகிரிப் பக்கத்து இளைஞர்களுக்கு மெட்டல் எட்டாத சங்கதி இல்லை. ஞாயிறு ஆராதனையில் கிடார் வாசிக்கும் பையன் சனிக்கிழமை இரவு ஹெட்போனில் என்ன கேட்கிறான் என்று வீட்டில் பெரியவர்கள் விசாரிக்கும்போது, 'இதுவும் இயேசு பாட்டுதான்' என்று அவன் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆனால் அவன் சொல்வது உண்மையாக இருக்கலாம். கிறிஸ்தவ டெத் மெட்டல் என்று ஒரு மரபு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது.

பெரியவர்கள் நம்பாததில் வியப்பில்லை; டெத் மெட்டல் பிறந்த வீடு அப்படிப்பட்டது. கலிபோர்னியாவின் பொசெஸ்டு குழு 1985-ல் வெளியிட்ட ஆல்பத்தின் பெயர் 'செவன் சர்ச்சஸ்'. வெளிப்படுத்தின விசேஷத்தின் ஏழு சபைகளை நினைவூட்டும் அந்தப் பெயரின் கீழே இருந்தவை சாத்தானையும் நரகத்தையும் பற்றிய பாட்டுகள். புளோரிடாவில் சக் ஷுல்டினரின் டெத் குழு 1987-ல் முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தது. அதே மாநிலத்தின் டிஸைட் குழுத் தலைவர் க்ளென் பென்டன் தன் நெற்றியிலேயே தலைகீழ்ச் சிலுவையைச் சூடு போட்டுக்கொண்டவர். தந்திகளைச் சுருதி இறக்கிக் கட்டுவது, இரட்டை மிதியில் உருளும் பேஸ் டிரம், தொண்டைக்கு அடியிலிருந்து வரும் உறுமல் ஆகியவை இலக்கணம். கிறிஸ்துவைப் பழிப்பதும் ஏறக்குறைய அந்த இலக்கணத்தில் சேர்ந்திருந்தது. இந்த வீட்டுக்குள் வேதப் புத்தகத்தோடு நுழைந்தவர்களுக்கு இரண்டு வாசலிலும் எதிர்ப்பு. சபை இசையைச் சந்தேகித்தது. ரசிகர் கூட்டம் விசுவாசத்தைச் சந்தேகித்தது.

சபையின் சந்தேகம் எவ்வளவு கடுமையானது என்பதற்கு ஸ்ட்ரைப்பர் சாட்சி. மேடையிலிருந்து கூட்டத்துக்குள் பைபிள்களை எறிந்த குழு அது. 1986-ல் வந்த 'டு ஹெல் வித் தி டெவில்' லட்சக்கணக்கில் விற்றது. அடுத்த ஆண்டே தொலைக்காட்சிப் பிரசங்கியார் ஜிம்மி ஸ்வாகர்ட், இந்த வகை இசையை ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய் என்று ஒரு புத்தகமே போட்டார். இனிமையாகப் பாடியவர்களுக்கே இந்தக் கதி என்றால் உறுமியவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

உறுமலுக்கு அருகே முதலில் போனது லாஸ் ஏஞ்சலஸின் வெஞ்சன்ஸ் குழு. பிறகு வெஞ்சன்ஸ் ரைசிங் ஆனது. 1988-ல் வந்த 'ஹியூமன் சாக்ரிஃபைஸ்' ஆல்பத்தின் அட்டையில் ஆணி அடித்த கை. இசை டெத் மெட்டலுக்கு முன்னோடியான த்ராஷ், ரோஜர் மார்டினெஸின் குரல் மட்டும் அடுத்த பத்தாண்டுக்கு உரியது. பின்னாளில் மார்டினெஸ் விசுவாசத்தை வெளிப்படையாகத் துறந்தார். பாடியவர் போன பின் பாட்டின் நிலை என்ன என்ற கேள்வி இந்த மரபில் அன்றிலிருந்து இன்றுவரை தீரவில்லை. பென்சில்வேனியாவின் பிலீவர் இன்னொரு பக்கம் போனது. 1990-ன் 'சானிட்டி அப்ஸ்க்யூர்' ஆல்பத்தில் மரித்தோர் திருப்பலியின் பழைய லத்தீன் பாட்டான 'டியஸ் ஈரே'யை சோப்ரானோ குரலோடும் தந்தி வாத்தியங்களோடும் சேர்த்தார்கள். உக்கிர நாளைப் பற்றிச் சபையே இடைக்காலத்தில் பாடியிருக்கிறது. நடுக்கம் வெளியிலிருந்து இறக்குமதியான சரக்கு இல்லை என்று அந்த ஒரு பாட்டு காட்டிக்கொடுத்தது.

முழுமையான கிறிஸ்தவ டெத் மெட்டல் பள்ளி மெல்போர்னில் தொடங்கியது. லைட்ஃபோர்ஸ் என்ற குழுவின் சாம்பலிலிருந்து 1990-ல் ஸ்டீவ் ரோ எழுப்பிய குழு மார்ட்டிஃபிகேஷன். ரோ பேஸ் வாசித்துக்கொண்டே உறுமினார். மைக்கேல் கார்லைல் கிடார். ஜேசன் ஷெர்லாக் டிரம்ஸ். மூன்றே பேர். 1992-ல் வந்த 'ஸ்க்ரோல்ஸ் ஆஃப் தி மெகில்லோத்' இந்த மரபின் அளவுகோல். தலைப்பு குறிப்பது ரூத், எஸ்தர், புலம்பல், பிரசங்கி, உன்னதப்பாட்டு என்னும் ஐந்து சுருள்கள். ஷெர்லாக்கின் வேகத்தை விசுவாசம் இல்லாதவர்களும் ஒப்புக்கொண்டார்கள். ஜெர்மனியின் நியூக்ளியர் பிளாஸ்ட் நிறுவனம் குழுவை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனது. அதன் பின் ரோ எளிய, மெதுவான த்ராஷுக்குத் திரும்பினார். 1996-ல் ரத்தப் புற்றுநோய் வந்து, எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்குப் பின் மீண்டு, 1998-ல் 'ட்ரையம்ஃப் ஆஃப் மெர்சி' ஆல்பத்தைத் தந்தார். சாட்சி என்ற முறையில் பெரிது. இசை என்ற முறையில் 1992-ன் உயரத்தை மார்ட்டிஃபிகேஷன் மறுபடி தொடவில்லை.

ஷெர்லாக் விலகிப் போய் இன்னும் இரண்டு கிளைகளில் கை வைத்தார். ஒன்று, அவர் டிரம்ஸ் வாசித்த பாரமேஷியம். 1993-ல் வந்த அதன் 'எக்ஸ்யூம்ட் ஆஃப் தி எர்த்' ஆமை வேக டெத்-டூம். முதல் பாட்டே கால் மணி நேரத்தைத் தாண்டும். பெத்லகேமில் பிறப்பும் ஏரோது குழந்தைகளைக் கொன்றதும் அதில் ஒரே மூச்சில் வருகின்றன. கிறிஸ்துமஸ் பாட்டுகள் பெரும்பாலும் ஒதுக்கிவைக்கும் அந்தக் கொலையை இப்படிப் பாடியவர்கள் அபூர்வம். இன்னொன்று ஹோர்ட் என்ற பெயரில் தனியாளாக அவர் செய்த 1994-ன் 'ஹெல்லிக் உஸ்வார்ட்'. அது பிளாக் மெட்டல் என்னும் வேறு வகை. இந்தக் கட்டுரையின் எல்லைக்குச் சற்று வெளியே நிற்பது. வெளியிட்ட நிறுவனத்துக்கு மிரட்டல் வந்தது என்பதை மட்டும் சொல்லி நகரலாம்.

அமெரிக்கப் பள்ளியின் முதல் பெயர் ஆர்கன்சாவின் லிட்டில் ராக் நகரத்து லிவிங் சாக்ரிஃபைஸ். பெயர் ரோமர் 12:1-ன் ஜீவபலி. 1992-ன் 'நான்எக்ஸிஸ்டன்ட்' புளோரிடா பாணிக்கு நெருங்கியது. 1997-ன் 'ரீபார்ன்' தட்டிலிருந்து கிடார்காரர் புரூஸ் ஃபிட்ஸ்ஹியூ குரலையும் ஏற்க, இசை தாளக் கனத்துக்கு மாறி ஹார்ட்கோர் பங்க் கலந்த மெட்டல்கோர் தலைமுறைக்குப் பாதை போட்டது. மினசோட்டாவின் கிரிம்ஸன் தார்ன் இப்படி எங்கும் மாறவில்லை. கடைசிவரை உறுமலிலேயே நின்றது. 2005-க்குப் பின் வந்த பிகமிங் தி ஆர்க்கிடைப், இம்பெண்டிங் டூம் போன்றவர்களிடம் கைத்திறன் ஏராளம். ஆனால் டிரம்ஸ் ஒலி எல்லோருக்கும் ஒன்றுபோல் ஆகிவிட்டது. கண்ணை மூடிக் கேட்டால் எந்தக் குழு என்று சொல்வது சிரமம்.

நார்வேயில் பிளாக் மெட்டல் கூட்டத்தார் தேவாலயங்களை எரித்த அதே பத்தாண்டில் ஓஸ்லோ பக்கம் வளர்ந்தது எக்ஸ்டால். 1998-ல் 'பரியல்', 2000-ல் 'அண்டிசீவ்ட்'. வேகம், வயலின், திடீரென்று திறக்கும் மென்குரல் எல்லாம் ஒரே பாட்டில் இடிக்காமல் இருக்கும். அதில் கிடார் வாசித்த ஓலே போருட், சிறுவயதில் குடும்ப காஸ்பல் குழுவில் பாடியவர்; சபைப் பாட்டின் இசைவு இந்த இசைக்குள் எப்படி வந்தது என்று தேட வேண்டியதில்லை. இந்த மரபில் ஒரே ஒரு ஆல்பம்தான் கேட்க முடியும் என்பவருக்கு 'அண்டிசீவ்ட்' போதும். பிரேசிலின் ஆன்டிடீமன் வேறு ரகம்: 1994-ல் சாவோ பாவ்லோவில் தொடங்கி, போர்த்துகீசில் பாடி, அதன் தலைவர் பட்டிஸ்டா மெட்டல் இளைஞர்களுக்காகவே க்ராஷ் சர்ச் என்ற சபையையும் நடத்துகிறார். இங்கே ஊழியம் முதலில், இசை அடுத்து. அது காதிலும் தெரிகிறது.

அப்படியானால் தரம் எது? உறுமலில் சொல் புரியாது. ஆகவே பாடல்வரித் தாள்தான் சாட்சிக் கூண்டில் ஏறுகிறது. சபைக்காரர் அதைப் படித்து மன்னிக்கிறார், ரசிகர் படிக்காமலே தலையாட்டுகிறார். வரி சரியாக இருந்துவிட்டதால் மட்டும் வாழ்ந்த ஆல்பம் இந்த மரபில் ஒன்றும் இல்லை. தமிழருக்கு இந்தக் கணக்கு பழக்கமானது. வீரமாமுனிவர் 1726-ல் சூசையப்பரைப் பாடிய தேம்பாவணியின் 3615 பாடல்களைக் காப்பியம் என்ற தராசில் வைத்தே புலவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கோயில் மரபின் குறவஞ்சியை எடுத்து 'பெத்லகேம் குறவஞ்சி' செய்தார். குறத்தியின் நடை தப்பியிருந்தால் பொருள் காப்பாற்றியிருக்காது. மேல்நாட்டு மெட்டுப் பாமாலையா நாட்டு ராகக் கீர்த்தனையா என்று சபைகளில் நடந்த வழக்கும் இதே குடும்பத்துச் சண்டைதான்.

தமிழர் கையில் சமய டெத் மெட்டல் ஏற்கெனவே இருக்கிறது, வேறு வேதத்தோடு. சிங்கப்பூரில் 1992-ல் தொடங்கிய ருத்ரா, கதிரசன் தலைமையில் உபநிடதங்களையும் கீதையையும் உறுமலில் ஏற்றியது. 2005 முதல் 2011 வரை வந்த மூன்று 'பிரம்மவித்யா' ஆல்பங்களில் சமஸ்கிருத மந்திரம் ஆங்கில வரிகளோடு கலந்து ஓடுகிறது. மார்ட்டிஃபிகேஷனைக் கேட்டவர் ருத்ராவை உடனே அடையாளம் காண்பார்: வேத வாக்கியத்தைத் தாளத்தில் பிடிப்பது, விளக்கத்தைத் தாளில் வைப்பது.

தமிழ் வரிகளோடு கிறிஸ்தவ டெத் மெட்டல் செய்ய முயல்பவருக்குக் கீர்த்தனைப் பள்ளி அதிகம் உதவாது. உறுமலில் ராகம் நிற்காது, நெடில் இழுபடாது. நிற்பவை வல்லின மெய்கள். அதனால் அவர் போக வேண்டிய இடம் சந்தப் பாட்டு: ட்ட, ற்ற, க்க என்று அடுக்கி விழும் அருணகிரிநாதரின் வண்ணம், பரணியின் போர்க்களத் தாழிசை. பொருளுக்கு எசேக்கியேலின் உலர்ந்த எலும்புகளும் யோபுவின் புண்களும் தமிழ் வேதாகமத்தில் தயாராக இருக்கின்றன.