பரிசு பெற்ற வாய்க்கால்களும் பேர் விடுபட்ட வயல்களும்

பொருளியல் ஆய்வுக்குக் கிடைத்த பெரும் பரிசுகளில் நமது வயல்வெளிக்கு மிகக் கிட்டியது, 2009 இல் எலினோர் ஒஸ்ட்ரம் ஒலிவர் வில்லியம்சனோடு பகிர்ந்துகொண்ட நோபல். (அது நோபலின் உயிலில் உள்ள பரிசல்ல, 1968 இல் சுவீடன் மத்திய வங்கி அவர் பெயரில் ஏற்படுத்தியது.) பொருளியலில் அதைப் பெற்ற முதல் பெண் அவர். அரசியல் விஞ்ஞானி என்பதால் பொருளியலாளர் பலருக்கு அவர் பெயரே புதிதாக இருந்தது.

அதே 1968 இல் கரெட் ஹார்டின் எழுதிய கட்டுரை, பொதுச் சொத்தை ஆளாளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள், ஒன்றில் அரசு எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் தனியாருக்குப் பிரித்துவிடவேண்டும் என்ற எண்ணத்தைப் பரப்பியது. பாவிக்கிறவர்களே கூடிப்பேசி விதி செய்து, மீறுகிறவனுக்குத் தண்டம் போட்டு, நூற்றாண்டுக் கணக்கில் காத்துவந்த இடங்களை ஒஸ்ட்ரம் எடுத்துக் காட்டினார்.

கட்டுக்கரை வயல்காரர் ஒருவரிடம் இதை விளக்கினேன். "இதுக்கோ பரிசு? இது எங்களுக்குத் தெரிஞ்சதுதானே" என்றார். தெரிந்ததுதான். அருவியாற்றைத் தேக்கத்தில் மறித்துக் குளத்துக்குக் கொண்டுவந்த தண்ணீரை வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிப்பதும், போகத்துக்கு முன் கூட்டம் வைப்பதும், சிறுபோகத்தில் தண்ணி காணாவிட்டால் எவ்வளவு ஏக்கர் விதைப்பது என்று தீர்மானிப்பதும் அங்கே வழமை. அந்த வழமையைப் பல்கலைக்கழகம் மதிக்கும் வாதமாக்கியது ஒஸ்ட்ரத்தின் சாதனை. நமது நாட்டையும் அவர் விடவில்லை. தெற்கே மாவெல்லவில் கரைவலைக்காரர் முறைவைத்து இழுத்தும் வலைகளின் தொகையைக் கட்டுப்படுத்த முடியாமற்போனதைத் தோல்வியாகவும், கல்லோயாவில் 1980களில் விவசாயிகள் வாய்க்கால் குழுக்களாகத் திரண்டதை நம்பிக்கையாகவும் எழுதினார்.

எனக்கு இடறுவது வலென்சியா. ஸ்பெயினின் அந்த வாய்க்கால்களை நெடுங்காலம் நிலைத்த அமைப்புக்கு உதாரணமாகக் காட்டுகிறார். 1435 இல் விவசாயிகள் கூடி விதிகளை ஏற்றதைச் சொல்லி, அதற்கு முன்னரும் பல நூற்றாண்டு வேர் இருக்கலாம் என்கிறார். அந்த வேர் அந்தலூஸ் முஸ்லிம்களின் காலத்தது. வாய்க்காலுக்கு அங்கே வழங்கும் அசேக்கியா என்ற பெயரே அரபு ஸாகியாதான். 1238 இல் நகரைப் பிடித்த அரகோன் மன்னன் வயல்களைத் தன்னவர்களுக்குப் பகிர்ந்தான், தண்ணீர் முறையை மட்டும் பழையபடியே விட்டான். 1609 இல் அந்த இராச்சியத்தில் மிஞ்சியிருந்த மொரிஸ்கோக்களும், அதாவது கட்டாயத்தின் பேரில் கிறிஸ்தவராக்கப்பட்ட முஸ்லிம்களின் சந்ததியும், கப்பலேற்றப்பட்டனர். ஆட்கள் போனார்கள், விதி நின்றது. நிலைத்ததா என்பதே அளவுகோல் என்றால் இது வெற்றிதான்!

ஒஸ்ட்ரம் வகுத்த எட்டு நெறிகளில் முதலாவது, யார் உரித்தாளி என்ற எல்லை தெளிவாக இருக்கவேண்டும் என்பது. நல்ல நெறி. ஆனால் அந்தப் பட்டியலைத் துவக்கோடு வந்தவன் திருத்தினால்? அதற்கு அந்த எட்டிலும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

அவரது முக்கிய நூல் வெளிவந்தது 1990. அந்த வருடம் ஒக்டோபரில்தான் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள்; மன்னார்ச் சனத்தில் பெரும்பகுதி புத்தளத்தில் ஒதுங்கியது. பரிசு அறிவிக்கப்பட்டது 2009 ஒக்டோபரில், யுத்தம் முடிந்து ஐந்து மாதத்தில். இடையில் பத்தொன்பது வருடம். தமிழரும் இடம்பெயர்ந்து வயல்கள் பற்றைக்காடாகக் கிடந்த காலமும் அதற்குள் உண்டு. திரும்பிப்போன ஒருவர் சொன்னார்: "போய்ப் பார்த்தா வாய்க்கால் இரிக்கி, எங்கட பேர்தான் இல்ல." கூட்டத்துக்கு வரமுடியாதவனின் தண்ணீர் உரித்து செத்துப்போகிறதா, உறங்குகிறதா? வலென்சியாவில் கேட்கத் தவறிய கேள்வியை இங்கே உயிரோடு இருப்பவர்களிடமே கேட்கலாம்.

மீள்குடியேற்றம் பற்றி நான் படித்த ஆய்வுக் கட்டுரைகள் வீடு, காணி, வாக்கு என்பவற்றோடு நின்றுவிடுகின்றன. பரிசுக்குத் தகுந்த கட்டுரை ஒன்று தண்ணீரில் கிடக்கிறது. அதற்கு வேண்டிய காணி உத்தரவுப் பத்திரங்களும் பழைய பற்றுச்சீட்டுகளும் புத்தளத்து வீடுகளில் றங்குப் பெட்டிகளுக்குள் இன்னும் இருக்கின்றன. எந்த மதகிலிருந்து எந்த வயலுக்கு எத்தனை நாள் தண்ணீர் என்று வாயால் சொல்லத் தெரிந்த வாப்பாமார் ஒவ்வொருவராக மவுத்தாகிக்கொண்டிருக்கிறார்கள்.