கபடி பார்த்த கண்ணோடு ரெஸ்லிங்

வில்லியனூர், பாகூர் பக்கம் டபிள்யூ.டபிள்யூ.ஈ. பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது ஒரே கேள்விதான்: "எல்லாம் செட்டப்புதானே?" ஆமாம், செட்டப்புதான். யார் ஜெயிப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார்கள். இது கேளிக்கைதான் என்று இந்த ரெஸ்லிங்கை நடத்தும் நிறுவனமே 1989-இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநில செனட்டில் ஒப்புக்கொண்டுவிட்டது. முடிவு தெரிந்த சண்டையில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அதற்குப் பதில் நம்மிடமே இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில் தீமிதிக்கு விடிய விடியக் கூத்துப் பார்ப்பவர்கள் நாம். துரியோதனன் படுகளத்தில் சாயப்போகிறான் என்பது மடியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் தெரியும். இருந்தும், மண்ணால் செய்து படுக்க வைத்த துரியோதனனின் பெரிய உருவத்தின் தொடையில் பீமன் ஓங்கி அடிக்கும்போது மொத்தக் கூட்டமும் எழுந்து நிற்கிறது. ஆடுபவன் அந்த அடியை எப்படிக் கொண்டுவந்து சேர்க்கிறான் என்பதற்காகத்தான் அத்தனை பேரும் தூக்கத்தை விட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

ரிங்கில் ஒருவர் ஏறியதும் நான் முதலில் தேடுவது, இதற்கு முன் அவர் என்ன விளையாடினார் என்பதைத்தான். பெயர், உடை, பாட்டு எல்லாம் நிறுவனம் கொடுத்தவை. பழைய ஆட்டம் மட்டும் உடம்பை விட்டுப் போகாது. கோல்ட்பர்க்கும் ரோமன் ரெயின்ஸும் அமெரிக்கக் கால்பந்தில் எதிராளியை மோதிச் சாய்த்தவர்கள். ஓடிவந்து தோளை வயிற்றில் கொடுத்துத் தள்ளும் 'ஸ்பியர்' அங்கிருந்து வந்ததுதான். கபடியில் பாடி வருபவரைக் கோட்டுக்கு வெளியே மோதித் தள்ளும் 'டேஷ்' பார்த்துப் பழகியவர்களுக்கு, அந்த ஓட்டத்தில் கால் எங்கே ஊன்றுகிறது, தலை எந்தப் பக்கம் விலகுகிறது என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

இங்கிலாந்தின் ரிட்ஜ் ஹாலண்ட் ரக்பி லீக்கிலிருந்து வந்தவர். சொந்தப் பெயர் லூக் மென்சீஸ். பக்கத்துக்கு 13 பேர் ஆடும் அந்த ஆட்டம் கபடிக்கு ஒரு வகையில் உறவுதான்: பந்தோடு ஒருவர் எதிரணிக்குள் பாய்கிறார், இரண்டு மூன்று பேர் சேர்ந்து மடக்கித் தரையில் சாய்க்கிறார்கள். 2018-இல் டபிள்யூ.டபிள்யூ.ஈ.யில் சேர்ந்த அவர், 2022 மார்ச்சில் பிக் ஈ என்பவரை ரிங்குக்கு வெளியே தலைக்கு மேலாகத் தூக்கிப் போட்டபோது, விழுந்தவருக்குக் கழுத்தில் இரண்டு எலும்புகள் முறிந்தன. 'எல்லாம் பொய்' என்பவர்களிடம் நான் சொல்வது இதைத்தான். முடிவு எழுதி வைத்ததாக இருக்கலாம், எடையும் உயரமும் தரையும் எழுதி வைத்தவை அல்ல.

இந்தக் கண்ணோடு பார்க்க நம் நாட்டிலேயே ஒருவர் இருக்கிறார், ரிங்கு சிங். உத்தரப் பிரதேசத்தின் கோபிகஞ்சைச் சேர்ந்த லாரி ஓட்டுநரின் மகன். ஒற்றை அறை வீட்டில் ஒன்பது பிள்ளைகளில் ஒருவர். பள்ளி நாட்களில் ஈட்டி எறிந்தவர். 2008-இல் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற தொலைக்காட்சிப் போட்டிக்கு வந்தார். பேஸ்பாலுக்காக, வேகமாகப் பந்தெறியும் இந்தியப் பையன்களைத் தேடி அமெரிக்கர்கள் நடத்திய போட்டி அது. பேஸ்பால் என்ற ஆட்டமே தெரியாதவர், மணிக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்து ஒரு லட்சம் டாலர் வென்றார். அதே ஆண்டில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணி அவரையும் அதே போட்டியிலிருந்து வந்த தினேஷ் படேலையும் ஒப்பந்தம் செய்தது. 2009 ஜூலையில், அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் ஓர் ஆட்டத்தை வென்று கொடுத்த முதல் இந்தியர் ஆனார். 2014-இல் இந்தக் கதை ஹாலிவுட் படமாக வந்தது. இசை ஏ.ஆர்.ரஹ்மான்.

படம் வந்த சமயத்தில் அவருடைய நிஜக் கை காயத்தில் கிடந்தது. முழங்கை அறுவை சிகிச்சைக்குப் பின் பேஸ்பாலின் உச்ச லீக்கை அவர் எட்டவே இல்லை. 2018 ஜனவரியில் டபிள்யூ.டபிள்யூ.ஈ.யில் சேர்ந்தார். ஆண்டுக்கணக்கில் பயிற்சி, இடையில் சில சின்ன வாய்ப்புகள், பிறகு 'வருகிறார், வருகிறார்' என்று மாதக்கணக்கில் விளம்பரம். கடைசியில் 2022 ஏப்ரல் 4 அன்று வீர் மஹான் என்ற பெயரில் நிறுவனத்தின் 'ரா' நிகழ்ச்சியில் தனியாக இறங்கினார்.

அந்தப் பாத்திரம் எனக்கு உடன்பாடானது அல்ல. நெற்றியில் பட்டை, கழுத்தில் ருத்ராட்சம், வாயில் உறுமல். ஈட்டி, பந்து, ரிங் என்று மூன்று வாழ்க்கை வாழ்ந்த மனிதருக்கு இதைவிட நல்ல கதை எழுதியிருக்கலாம். ஆனால் கையைப் பாருங்கள். ஓடி வருபவரின் நெஞ்சில் கையை நீட்டி அடித்துச் சாய்க்கும் அவருடைய அடிக்குப் பெயரே 'மில்லியன் டாலர் ஆர்ம்'. முன்கை வருவதற்கு முன் இடுப்பு திரும்பும், இடுப்பைத் தொடர்ந்து தோள் வரும். ஈட்டி எறிபவருக்கும் பந்தெறிபவருக்கும் பலம் பிறக்கும் வரிசை அதுதான்.

இவரோடு ஜோடி சேர்ந்த சங்காவையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். விஜய் டிவியில் தமிழ் பேசிய மகாபாரதத்தில் பீமனாக வந்த சௌரவ் குர்ஜர்தான் அவர். 2023 செப்டம்பர் 8 அன்று ஹைதராபாத்தில் இருவரும் இறங்கினார்கள். சொந்த நாட்டில், சொந்தக் கூட்டத்தின் முன்னால், தோற்றார்கள். 2024 ஏப்ரலில் நிறுவனம் இருவரையும் விடுவித்துவிட்டது.

இனி விழுவதைப் பற்றி. புதிதாகப் பார்ப்பவர்கள் அடிப்பவரையே பார்ப்பார்கள். ரசிகர் அடி வாங்குபவரைப் பார்ப்பார். கபடியில் பிடிபட்டவர் குப்புற விழுந்து விரல் நுனியை நடுக்கோட்டுக்கு நீட்டுவார். ரிங்கில் நேர்மாறு. மோவாயை நெஞ்சோடு ஒட்டி, மூச்சை வெளியே விட்டு, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையைத் தொடும்படி மல்லாந்து விழ வேண்டும். இரண்டு கைகளும் பக்கவாட்டில் விரிந்து தரையை அறையும். விசை ஓரிடத்தில் இறங்காமல் உடம்பெங்கும் பரவ வேண்டும் என்பதற்காக இப்படி. தலை முதலில் தட்டினால் தொழிலே முடிந்துபோகும். கீழே இருப்பதும் மெத்தை அல்ல. இரும்புச் சட்டம், அதன்மேல் பலகை, மெல்லிய நுரைப் படலம், கித்தான்.

இப்படி விழுவதற்குப் பெயர் 'பம்ப்'. விழுந்த பிறகு வலியை முகத்திலும் உடம்பிலும் கொண்டுவருவது 'செல்'. எதிராளி சரியாக 'செல்' செய்யாவிட்டால் எவ்வளவு பெரிய உடம்பும் ரிங்கில் சின்னதாகிவிடும். கூத்தில் துரியோதனனாக ஆடுபவர் கம்பீரமாக இருந்தால்தான் பீமனுக்கு மதிப்பு என்பது நமக்குத் தெரிந்த கணக்குதான்.

பழகிப் பார்க்க ஒரு மேட்ச் சொல்கிறேன்: 2022 ஏப்ரல் 11, வீர் மஹான் – டொமினிக் மிஸ்டீரியோ. சின்ன மேட்ச்தான். ஜெயித்த பிறகும் வீர் பிடியை விடவில்லை, டொமினிக்கை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகிறார்கள். முதல் தடவை வீரின் இடுப்பையும் தோளையும் பாருங்கள். பிறகு சத்தத்தை நிறுத்திவிட்டு, டொமினிக்கை மட்டும் பாருங்கள்.