அஃறிணைக்குப் போனவர்கள்: பைத்தியம், இலக்கணம், தன்னிலை

1

'பைத்தியம் வருது, தள்ளி நில்லு' என்கிறோம். வருகிறான் இல்லை, வருகிறார் இல்லை, வருது. 'லூசு என்னமோ உளறுது' என்கிறோம். வீட்டுக்குள்ளே என்றால் குரல் கொஞ்சம் தணிகிறது: 'அதுக்கு ஒண்ணும் தெரியாது, பாவம்.' வசையிலும் அது, இரக்கத்திலும் அது. மனநிலை பிறழ்ந்தவர்களைப் பற்றித் தமிழில் நிறையவே பேசியாகிவிட்டது. சித்த மருத்துவம் பேசியிருக்கிறது, பக்தி பேசியிருக்கிறது, சினிமா ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறது. இந்தக் கட்டுரையில் நான் கேட்க விரும்புவது சின்னக் கேள்விதான்: இந்தப் பேச்சுகளிலெல்லாம் வினைமுற்று எதில் முடிகிறது?

இதெல்லாம் இலக்கணப் பூச்சாண்டி என்று யாராவது சொல்லக்கூடும். இல்லை. ஒருவரைச் சங்கிலியில் கட்டுவதற்கு முன்னால் மொழியில் ஒரு காரியம் நடந்து முடிந்திருக்க வேண்டும். அந்தக் காரியத்தைப் பற்றித்தான் பேசுகிறேன்.

2

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே உலகத்தை இரண்டாக வகுத்துவிடுகிறது. மக்கள் என்று சுட்டப்படுவோர் உயர்திணை, மற்றவை அஃறிணை. தமிழ் எம்.ஏ. படித்த எல்லோருக்கும் இது மனப்பாடம். ஆனால் அதே கிளவியாக்கத்தில் இன்னொரு நூற்பா இருக்கிறது. வகுப்பறைகளில் அதைத் தேர்வுக்கான பட்டியலாகப் படித்துவிட்டுக் கடந்துபோகிறோம். மனிதரைக் குறித்தாலும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்கள் எவை என்று அது அடுக்குகிறது. குழந்தை, அடிமை, உறுப்பின் கிளவி, தன்மை திரிபெயர், சினந்து சொல்லும் செறற்சொல் என்று போகிறது பட்டியல். உறுப்பின் கிளவிக்கு உரைகாரர்கள் குருடு, முடம் என்று உதாரணம் தருகிறார்கள். தன்மை திரிபெயருக்கு அலி. குருடு வந்தது, முடம் வந்தது, அலி வந்தது.

அதே பட்டியலில் அரசு இருக்கிறது. காதல் பற்றிய சொல்லும் இருக்கிறது. 'என் உயிர் வந்தது' என்று காதலியைச் சொல்லலாம். ஆகவே அஃறிணை முடிபு என்றாலே இழிவு என்று நேர்கோடு போட்டுவிட முடியாது. அரசனும் அடிமையும் அன்புக்குரியவரும் ஊனமுற்றவரும் ஒரே நூற்பாவில் வருவதுதான் இங்கே கவனிக்கத்தக்கது. இவர்களுக்குள் பொதுவாக என்ன இருக்கிறது? இவர்களில் யாருமே ஒரு ஆளாகச் சுட்டப்படவில்லை. அரசன் பதவியாகச் சுருங்குகிறான். குருடர் உறுப்பாகச் சுருங்குகிறார். சுருக்குவது கொண்டாட்டமாகவும் இருக்கலாம், வசையாகவும் இருக்கலாம். பைத்தியம் என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் இவை போன்ற பிறவும் என்று நூற்பா கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. அந்தக் கதவு வழியாகத்தான் நம் தெருவின் 'லூசு' உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது.

இன்னொரு செய்தியும் உண்டு. நன்னூல் தன்மையையும் முன்னிலையையும் இரு திணைக்கும் பொது என்றது. தொல்காப்பியமோ தன்மை வினையை உயர்திணைப் பக்கத்தில் வைத்தது. 'நான் வந்தேன்' என்று சொல்ல முடிகிறவர் யாராக இருந்தாலும் அவர் உயர்திணை. படர்க்கையில் வைத்துப் பேசும்போதுதான் மனிதரை அஃறிணைக்குத் தள்ள முடிகிறது. தன்மையில் பேசுகிறவரைத் தள்ள முடிவதில்லை. என் வாதம் முழுவதும் இந்த ஒரு புள்ளியில்தான் நிற்கிறது.

3

பித்து, பைத்தியம் இரண்டுமே பித்தம் என்ற உடல் நீரோடு உறவுள்ள சொற்கள். ஒரே இடத்தில் பிறந்தவை. ஒன்று கோயிலுக்குள் போயிற்று, இன்னொன்று தெருவில் நின்றுவிட்டது. திருவெண்ணெய்நல்லூர் வழக்கில் கிழவராக வந்த சிவனைச் சுந்தரர் பித்தன் என்று ஏசினார்; பிறகு அந்த வசையையே முதற்சொல்லாக வைத்துப் பாடும்படி சிவன் கேட்டார் என்பது கதை. தெய்வத்துக்கு ஏறிய சொல் மனிதருக்கு இறங்கவில்லை.

வழக்கில் ஒரு வினை இருக்கிறது: 'பைத்தியம் பிடித்தது.' சளி பிடிக்கிறது, பேய் பிடிக்கிறது, மழை பிடிக்கிறது, அதுபோலத்தான் இதுவும். பிடித்தது விடும். 'பைத்தியம் தெளிந்தது' என்பது அதன் இணை வினை. கலங்கிய தண்ணீர் தெளிவதைப்போல. இந்த இணையில் ஆள் ஆளாகவே இருக்கிறார். அவருக்கு ஒன்று வந்தது, போயிற்று, மறுபடி வரவும் கூடும். ஆச்சரியம் என்னவென்றால் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம்கூட இப்படித்தான் யோசித்திருக்கிறது. மனநலக் காப்பகத்தில் இருப்பவரும் இடையிடையே தெளிவோடு இருக்கும் நேரங்களில் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்று அதன் 12ஆம் பிரிவு உதாரணம் காட்டிச் சொல்கிறது.

ஆனால் 'அவனுக்குப் பைத்தியம் பிடித்தது' என்பதிலிருந்து 'அவன் ஒரு பைத்தியம்' என்பதற்கு நகரும்போது நிகழ்ச்சி குணமாக மாறிவிடுகிறது. நான்காம் வேற்றுமை போய் எழுவாய் வருகிறது. தெளிவதற்கு இடமில்லாமல் போகிறது. வலிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 'வலிப்பு வந்தது' என்றுதான் சொல்கிறோம். சில நிமிடம் நீடிக்கும் நரம்பு நிகழ்ச்சி. மற்ற நேரமெல்லாம் அவர் எல்லோரையும்போல இருக்கிறார். 1976 திருத்தத்தின் மூலம் இந்து திருமணச் சட்டம் திரும்பத் திரும்ப வரும் வலிப்பைத் திருமணத்துக்குத் தடையாக்கியது. அந்தச் சொல்லை எடுக்க 1999 வரை ஆயிற்று. அதாவது 23 வருஷம், வந்துபோகும் ஒன்றை ஒருவரின் அடையாளமாகச் சட்டமே எழுதி வைத்திருந்தது. சட்டத்திலிருந்து சொல் போய்விட்டது. ஜாதகப் பொருத்தம் பார்க்கும் திண்ணையிலிருந்தும், மாத்திரையை அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவைக்கும் வீட்டிலிருந்தும் போய்விட்டதா என்பது வேறு விஷயம்.

ஊர்ப்பெயருக்கும் இதே கதிதான். 1794இல் தொடங்கிய சென்னை மனநல மருத்துவமனையின் பெயரால் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று ஏசுகிறோம். இலங்கையில் அதே வேலையை அங்கொடை என்ற ஊர்ப்பெயர் செய்கிறது. ஒரு சமூகம் தனக்கு வேண்டாதவர்களை எங்கே குவித்து வைக்கிறதோ அந்த இடத்தின் பெயரே வசையாகிவிடுகிறது. பித்தின் மேல் பகுத்தறிவு நடத்தும் தனிமொழிதான் உளமருத்துவம் என்று ஃபூக்கோ 1961இல் எழுதியது நமக்கும் பொருந்தும், ஒரு திருத்தத்தோடு. இங்கே தனிமொழி மருத்துவமனையில் தொடங்கவில்லை. வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடுகிறது.

4

2001 ஆகஸ்ட் 6 விடிகாலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை ஒட்டி இயங்கிய காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. இறந்தவர்கள் 28 பேர். சில நாட்களில் அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டன. இருந்தவர்களில் ஒரு பகுதியினர் வீடுகளுக்கும் ஒரு பகுதியினர் சென்னை மருத்துவமனைக்கும் அனுப்பப்பட்டார்கள். உச்சநீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது.

இதைப் பற்றிய விவாதம் உடனே வழக்கமான இரண்டு அணிகளாகப் பிரிந்தது. ஒரு பக்கம் மூடநம்பிக்கை, மறுபக்கம் அறிவியல். எனக்கு இந்தப் பிரிவினை போதவில்லை. தர்காவுக்குச் சாதி மதம் பாராமல் மக்கள் வந்தார்கள். அரசு மருத்துவமனை எட்டாத தூரத்தில் இருந்ததும் ஒரு காரணம். அங்கே ஒரு நம்பிக்கை இருந்தது: கனவில் உத்தரவு வந்தால் கிளம்பலாம். 'எனக்குக் கனவு வந்தது' என்பது தன்மைப் பேச்சு. மருத்துவரின் குறிப்பேட்டில் அறிகுறியாகப் பதிவாகக்கூடிய ஒன்று இங்கே விடுதலைக்கான சாட்சியமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. இதை மூடத்தனம் என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால் இதைப் புனிதப்படுத்துவது அதைவிட மோசம். ஏனென்றால் கனவைக் கேட்ட அதே இடத்தில், விழித்திருக்கும்போது 'கால் வலிக்குது, அவிழ்த்து விடு' என்று சொன்னதை யாரும் பேச்சாகவே எடுத்துக்கொள்ளவில்லை. கட்டிப்போடுவது என்பது மாட்டுக்கும் நாய்க்கும் உரிய வினை. திணை ஏற்கெனவே மாறியிருந்ததால்தான் அந்த வினை யாருக்கும் உறுத்தவில்லை.

சரி, மீட்பு? அந்த நாட்களின் செய்தி மொழியை நினைத்துப் பாருங்கள். மீட்கப்பட்டனர், அனுப்பப்பட்டனர், ஒப்படைக்கப்பட்டனர். எல்லாம் செயப்பாட்டு வினை. சங்கிலி கழன்றது, படர்க்கை கழலவில்லை. 1999இல் வந்த பாலாவின் 'சேது' இந்த இடத்தை, அதன் மிகையையும் மீறி, சரியாகவே தொட்டது. தெளிவடைந்து வெளியே வரும் ஒருவன் கடைசியில் திரும்ப உள்ளேயே போகிறான். பைத்தியமாக அல்ல, தெளிவோடு. வெளியே அவனுடைய பேச்சைக் கேட்க ஆள் இல்லை. பிறகு வந்த 'சந்திரமுகி', 'அந்நியன்' (இரண்டும் 2005) போன்றவை ஆளை இரண்டு மூன்றாகப் பிளந்து வேடிக்கை காட்டின. அங்கே நோய் ஒரு நடிகரின் திறமைக்கான சந்தர்ப்பம், அவ்வளவுதான்.

5

சினிமாவைத் திட்டுவது நமக்குச் சௌகரியம். சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாம் என்ன செய்தோம்? ஆத்மாநாம் (1951-1984) மனநோய்க்குச் சிகிச்சை பெற்றவர், தற்கொலை செய்துகொண்டவர். 'ழ' பத்திரிகையை நடத்தியவர். அவரைப் பற்றிய பேச்சில் இரண்டு போக்குகளைப் பார்க்கிறேன். ஒன்று, நோயைப் பற்றிக் கிசுகிசுப்பது. மற்றொன்று, அதையே ஒளிவட்டமாக்குவது: கலைஞன் என்றால் பித்தன், மாத்திரை சாப்பிட்டால் கவிதை வராது, மரணமே கடைசிக் கவிதை, இத்யாதி. இரண்டாவது போக்கு முற்போக்கானதுபோலத் தோன்றும். உண்மையில் அது சுந்தரர் கதையின் மலிவுப் பதிப்பு. கோயிலுக்குள் ஏற்றிவிட்டால் கேட்க வேண்டிய அவசியமில்லை, கும்பிட்டால் போதும். ஒருவர் சிகிச்சை எடுத்துக்கொண்டே எழுதினார், உழைத்தார், பத்திரிகை கொண்டுவந்தார் என்ற எளிய உண்மை இதில் காணாமல் போகிறது. இந்த ரொமாண்டிசிசத்தை நம்பி மாத்திரையை நிறுத்திவிடுகிற வாசகர் ஒருவர் இருக்கக்கூடும் என்பதையாவது விமர்சகன் யோசிக்க வேண்டும்.

கோபிகிருஷ்ணன் (1945-2003) வேறு வழியில் போனார். உளவியலும் சமூகப்பணியும் படித்தவர், ஆலோசனைப் பணி செய்தவர். அவருடைய 'உள்ளேயிருந்து சில குரல்கள்' என்ற தலைப்பே ஒரு விமர்சன நிலைப்பாடு. உள்ளேயிருந்து வருவது கூச்சல் இல்லை, குரல். குரல்கள் கேட்பதுதான் நோயின் அறிகுறி என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, கேட்க வேண்டியவர்கள் நாம் என்று அவர் திருப்பிப் போட்டார். உன்னதம் இல்லை, பரிதாபம் இல்லை. வேலை, சம்பளம், வாடகை, மாத்திரை, எரிச்சல், கொஞ்சம் நகைச்சுவை. மனநோயோடு வாழ்வது என்பது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. அவர் உயிரோடு இருந்தபோது தமிழ் விமர்சனம் அவரை ஓரத்திலேயே வைத்திருந்ததற்கு இந்த எளிமையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். உன்னதத்துக்குப் பழகிய காதுக்கு வாடகைப் பிரச்சினை கவிதையாகக் கேட்பதில்லை.

தெரிதாவின் மறுப்பு இங்கே வரும்: பித்தின் மௌனத்தை எழுதப் பகுத்தறிவின் மொழியைத்தானே பயன்படுத்தியாக வேண்டும்? உண்மைதான். ஆனால் மனநோயாளர் முழு நேரமும் பித்தில் இருக்கிறார் என்ற அனுமானம் அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. தெளிதல் என்ற நம்முடைய வினை அந்த அனுமானத்தை ஏற்பதில்லை. கோபிகிருஷ்ணன் எழுதியது அந்தத் தெளிவின் மொழியில்.

6

இப்போது சொற்கள் மாறியிருக்கின்றன. மனநோயாளி, மனநலம் பாதிக்கப்பட்டோர், மாற்றுத்திறனாளி. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகை நிலைகளைக் கணக்கில் எடுத்தது. மனநோயும் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் உண்டு. இது நல்லதுதான். வருது என்பது வருகிறார் ஆகியிருக்கிறது. ஆனால் நடந்தது அஃறிணைப் படர்க்கையிலிருந்து உயர்திணைப் படர்க்கைக்கு இடமாற்றம் மட்டுமே. தன்மைக்கு இன்னும் போய்ச்சேரவில்லை. ஆட்டிசத்தைப் பற்றித் தமிழில் இன்று அதிகம் பேசுகிறவர்கள் பெற்றோரும் மருத்துவரும் சிறப்பாசிரியரும். அவர்கள் பேசித்தான் ஆக வேண்டும். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நரம்பியல் பன்மை என்ற கருத்தை 1990களின் இறுதியில் ஆட்டிச நிலையினரே தங்களுக்குள் பேசி உருவாக்கினார்கள். நாம் அதை 'குறைபாடு' என்ற பழைய விகுதியோடு சேர்த்தே மொழிபெயர்க்கிறோம்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தை நான் ஒரு பிரதியாகவும் வாசிக்கிறேன். சங்கிலியில் கட்டுவதை அது வெளிப்படையாகவே தடை செய்கிறது. அதைவிட முக்கியம், முன்கூட்டிய அறிவுறுத்தல் என்ற ஒன்றை அது கொண்டுவந்தது. எனக்கு நோய் முற்றும் நேரத்தில் என்னை இப்படி நடத்துங்கள், இப்படி நடத்தாதீர்கள், என் சார்பில் இன்னார் பேசட்டும் என்று ஒருவர் முன்னதாகவே எழுதி வைக்கலாம். தெளிவில் இருக்கும் நான், கலங்கப்போகும் எனக்காக எழுதும் கடிதம் அது. நம் மொழியில் 'தன்னிலை மறந்தான்' என்று ஒரு வழக்கு உண்டு. கோட்பாட்டில் தன்னிலை என்றால் வேறு பொருள். இரண்டு தன்னிலைகளும் அந்த ஒரு தாளில் சந்திக்கின்றன. எத்தனை மருத்துவமனை மேசைகளில் அந்தத் தாள் மதிக்கப்படும் என்பது நடைமுறைப் போராட்டம். ஆனால் நம் இலக்கியம் செய்யாத ஒன்றைச் சட்டத்தின் வறட்டு உரைநடை செய்துவிட்டிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தன்மை என்பது பேச்சு மட்டும் என்று நினைத்தால் பேசாதவர்கள் மறுபடி வெளியே நின்றுவிடுவார்கள். கல்யாண வீட்டு மேளச் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடும் ஆட்டிசச் சிறுவனும் ஏதோ சொல்கிறான். 'அதுக்குக் கூட்டம் ஆகாது' என்று படர்க்கையில் அதை மூடிவிடுகிறோம். ஆகவே மனநோயையும் நரம்பியல் வேறுபாட்டையும் பற்றி எழுதப்பட்ட எந்தத் தமிழ்ப் பிரதியைக் கையில் எடுத்தாலும் இரண்டு கேள்விகளை வைத்துக்கொள்ளலாம் என்று முன்மொழிகிறேன். சம்பந்தப்பட்டவர் இதில் எத்தனை வாக்கியங்களுக்கு எழுவாயாக இருக்கிறார்? அவருடைய மறுப்பு இதில் மறுப்பாகவே பதிவாகியிருக்கிறதா, நோயின் அறிகுறியாகவா? இந்தக் கேள்விகளை அவர்களே நம்முடைய கட்டுரைகளின்மீதும் வைப்பார்கள். இந்தக் கட்டுரையும் அதற்கு விலக்கல்ல.